டாக்குக்கு லீனியர் பவர் சப்ளை போட்டால் இரைச்சல் போகுமா?

செந்தூல்வாசி

வணக்கம். கோலாலம்பூர் செந்தூல் ஃப்ளாட்டில் சின்ன பாட்டு செட். லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியா டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலா மாத்துற பெட்டி), அங்கிருந்து ஆர்சிஏ வயரில் டிபிஏ3255 சிப் போட்ட கிளாஸ்-டி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), 4 ஓம் ஸ்பீக்கர். டாக் அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்ப். அதில் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக். ஆம்புக்கு 48 வோல்ட் 5 ஆம்ப் சப்ளை, அதுவும் லேப்டாப் சார்ஜரும் எர்த் உள்ள மூணு பின்.

பாட்டு நின்னதும் 'கர்ர்ர்'னு ஒரு இரைச்சல். மௌஸை நகர்த்தினா அதோட சேர்ந்து மெல்லிசா கீச்சுனு கேக்குது. டாக்குக்கு லீனியர் சப்ளை (டிரான்ஸ்பார்மரும் ரெகுலேட்டரும் வைச்சது) போட்டா சுத்தமாயிடும்னு கடையில் சொல்றாங்க, விலை 650 வெள்ளி. வாங்கலாமா? ஆம்புக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் சப்ளை மாத்தணுமா?

ஈயப்பற்று

தம்பி, காசை இப்போ எடுக்காதீங்க. மௌஸ் நகரும்போது சத்தம் மாறுதுன்னா அது டாக் அடாப்டரிலிருந்து வர்றதா இருக்காது. லேப்டாப் சார்ஜர் எர்த் வழியா சுவருக்குப் போகுது, ஆம்ப் சப்ளையும் அதே மாதிரி. நடுவில் யுஎஸ்பி வயரின் ஷீல்டும் (வெளி உலோக உறை) ஆர்சிஏ ஷீல்டும் அந்த ரெண்டு எர்த்தையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கிடுது. அதில் ஓடுற கரண்டு ஆர்சிஏ ஷீல்டில் உண்டாக்குற மில்லிவோல்ட்டை ஆம்ப் பாட்டுன்னே நினைச்சுப் பெருக்குது. உங்க டாக் அடாப்டர் இந்த வளையத்திலேயே இல்லை.

இந்த வரிசையில் சோதிங்க:

லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிட்டு லேப்டாப்பை அதன் பேட்டரியில் ஓட்டுங்க. சத்தம் அடங்கினா வளையம்தான் காரணம்.

அடுத்து ஆம்பை அணைச்சு, ஆர்சிஏ வயரைக் கழட்டி, நடு முள்ளையும் வெளிவளையத்தையும் சேர்த்த ஷார்ட்டிங் பிளக்கை இன்புட்டில் செருகி, ஆன் பண்ணுங்க. அப்பவும் இரைச்சல் வந்தா ஆம்பையோ அதன் சப்ளையையோ பாக்கணும்.

மூணாவதுதான் முக்கியம். ஆட்டோகேட்டில் (தானா திறக்கிற வீட்டு கேட்) போடுற 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி ஒண்ணு இரவல் வாங்கி, சார்ஜரிலிருந்து கழட்டி ரெண்டு மணி நேரம் ஆறவிட்டு, அதில் டாக்கை ஓட்டுங்க. மீட்டரில் 13 வோல்ட்டுக்குள் இருக்கணும். பிளஸ் வயரில் 2 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனா வயரே எரியும். பேட்டரியிலும் அதே இரைச்சல் வந்தா, எத்தனை ஆயிரம் வெள்ளி சப்ளை வாங்கினாலும் அது போகாது.

போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் இருந்தா ஸ்பீக்கர் பக்கத்தில் வைச்சுப் பாருங்க. 50 ஹெர்ட்ஸ் கோடு மட்டும் உயர்ந்து நின்னா எர்த் வளையம், இல்லைன்னா டிரான்ஸ்பார்மர் காந்தப்புலம். 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் தெரிஞ்சா ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்குற பகுதி) பக்கம் சந்தேகப்படலாம்.

எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க. சத்தம் போகும், ஆனா உள்ளே இன்சுலேஷன் போன அன்னிக்கு ஆம்ப் பெட்டியே 230 வோல்ட்டில் நிக்கும்.

செந்தூல்வாசி

நன்றி அண்ணே. சார்ஜரைப் பிடுங்கினதும் சுத்தமா அடங்கிடுச்சு. ஷார்ட்டிங் பிளக் போட்டாலும் அமைதி. பேட்டரியில் டாக்கை ஓட்டினேன். லேப்டாப் சார்ஜர் மாட்டினதும் இரைச்சல் திரும்பிடுது. அப்போ என்ன வாங்கணும்?

ஈயப்பற்று

முதலில் காசில்லாத வேலை. சார்ஜரையும் ஆம்ப் சப்ளையையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் பக்கத்துப் பக்கத்தில் செருகுங்க, ஆர்சிஏ வயரை அரை மீட்டருக்குள் வையுங்க. வளையம் சின்னதாகும், சத்தமும் குறையும்.

முழுசா போகணும்னா செம்புத் தொடர்பையே அறுக்கணும். டாக்கில் ஆப்டிகல் (ஒளி வழியா வர்ற) இன்புட் இருந்தா யுஎஸ்பி-ஆப்டிகல் கன்வர்ட்டர் போதும். இல்லைன்னா யுஎஸ்பி ஐசோலேட்டர், அதாவது டேட்டாவை விட்டு மின் தொடர்பை அறுக்கிற பெட்டி. வாங்கும்போது உள்ளே எந்தச் சிப்னு கேளுங்க. ஏடியுஎம்4160 போட்டது 12 மெகாபிட் வேகம்தான் தரும், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சரி. அதைவிட வேகமான ஹைஸ்பீடு யுஎஸ்பி மட்டுமே பேசுற டாக்கா இருந்தா லேப்டாப் அதைக் கண்டுக்காது.

பூடு டிரான்ஸ்பார்மர்

ஆம்ப் சப்ளை பத்தி யாரும் சொல்லலையே. பெரிய டிரான்ஸ்பார்மர் சப்ளைக்கு மாத்தாதீங்க. டிபிஏ3255-க்கு டேட்டாஷீட் பரிந்துரைக்கிற உச்சம் 53.5 வோல்ட். 36 வோல்ட் ஏசி டொராய்ட் (வளைய டிரான்ஸ்பார்மர்), டயோடு பிரிட்ஜ், கெபாசிட்டர்னு ரெகுலேட்டர் இல்லாமல் கட்டினா, காகிதத்தில் 36 × 1.414 = 50.9, டயோடு கழிச்சா 49. அழகா இருக்கும். ஆனா மலேசியாவில் மின்சாரம் 230 வோல்ட்டுக்கு 10 சதவீதம் மேலே, 6 சதவீதம் கீழே வரலாம். லோடு இல்லாதப்போ டொராய்ட் தானும் ஏறும். 253 வோல்ட் வர்ற ராத்திரியில், லோடு இல்லாதப்போ 8 சதவீதம் ஏறுற டொராய்டில் டிசி பக்கம் 58 வோல்ட்டைத் தாண்டும். சிப்புக்கு அது ஆபத்து.

இன்னொண்ணு, ஃப்ளாட்டுக்கு 48 வோல்ட்டே அதிகம். கிளாஸ்-டி பிரிட்ஜில் அதிகபட்ச பவர் தோராயமா வோல்ட்டின் வர்க்கத்தை ஓமின் இரட்டிப்பால் வகுத்தது. 4 ஓமில் 48 வோல்ட்டுக்கு 288 வாட். உங்க சப்ளை மொத்தமே 240 தான். 32 வோல்ட் 5 ஆம்ப் போட்டா 128 வாட் வரும், சிப்பும் குளிர்ச்சியா ஓடும். அப்படி மாத்தினா சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை இருக்கா, பிளக்கின் அளவு 5.5 × 2.1-ஆ 2.5-ஆன்னு பாருங்க. 2.1 முள்ளு உள்ள சாக்கெட்டில் 2.5 பிளக் தொளதொளன்னு உக்காரும், பேஸ் அடிக்கிறப்போ விட்டு விட்டு வரும்.

லீனியர் பிரியன்

டாக்குக்கு லீனியர் கட்டவே கூடாதுன்னு இல்லை. சில அடாப்டரில் ஒய் கெபாசிட்டர் (மின் இரைச்சலை வடிகட்டுறது) வழியா கசியிற கரண்டு நிஜமாவே தொல்லை. பெட்டியைத் தொட்டா விரல் கூசும். ஆசை இருந்தா 650 வெள்ளி வேண்டாம், கோலாலம்பூர் ஜாலான் பாசார் தெருவில் பாகம் வாங்கி நீங்களே கட்டலாம்.

15 வோல்ட் ஏசி, 50 விஏ டொராய்ட். 1 ஆம்ப் டிசிக்கு செகண்டரியில் கிட்டத்தட்ட 1.8 ஆம்ப் ஓடும், அதனால் 15 விஏ கணக்கு போடாதீங்க. கெபாசிட்டர் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். 25 வோல்ட் போட்டா லோடு இல்லாத நேரத்தில் 28 வரை ஏறி வீங்கும். 1 ஆம்பில் ரிப்பிள் (டிசியில் மிஞ்சுற ஏற்ற இறக்கம்) 2 வோல்ட் சுமார், மின்சாரம் 6 சதவீதம் இறங்கினாலும் எல்எம்317 ரெகுலேட்டர் சிப்புக்குத் தேவையான 15 வோல்ட் மிச்சம் இருக்கும். அவுட்புட் 12 வோல்ட் வர ரெசிஸ்டர் 240 ஓம், 2.05 கிலோஓம். அட்ஜஸ்ட் காலிலிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட் சேர்த்தா ரிப்பிள் தடுப்பு 65-லிருந்து 80 டெசிபல் பக்கம் போகும். அதோடு பாதுகாப்பு டயோடு ரெண்டும் போடணும்.

மின்சாரம் உச்சத்தில் இருக்கும்போது ரெகுலேட்டர் 8 வாட் சூட்டைத் தாங்கணும், நல்ல ஹீட்சிங்க் வேணும். எல்எம்317-இன் உலோக முதுகு அவுட்புட் வோல்ட்டில் இருக்கும். சிலிக்கோன் ஷீட்டும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் எர்த் பண்ண பெட்டியில் முடுக்கினா ஷார்ட்தான். முடுக்கின பிறகு, பவர் தராமல், முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவே மீட்டர் வைச்சு, ஷார்ட் இல்லைன்னு பாத்துட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்க. பிரைமரியில் (டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கம்) 500 மில்லிஆம்ப் ஸ்லோபுளோ, அதாவது மெதுவா அறுற ஃபியூஸ். வேகமா போற ஃபியூஸ் டொராய்ட் ஆன் ஆகும் நொடியிலேயே அறுந்துடும்.

செந்தூல்வாசி

ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினதுக்கே பாதி குறைஞ்சிடுச்சு. டாக்கில் ஆப்டிகல் இருக்கு, கன்வர்ட்டர் ஆர்டர் போட்டாச்சு. சனிக்கிழமை ஜாலான் பாசார் போய் டொராய்ட் விலை கேக்கப் போறேன்.

பூடு டிரான்ஸ்பார்மர்

போனா ரெண்டு 115 வோல்ட் பிரைமரி உள்ளதா, ஒரே 230 பிரைமரியான்னு லேபிளைப் பாத்து வாங்குங்க. ரெண்டு பிரைமரியா இருந்தா புள்ளி அடையாளம் பாத்து சீரியஸில் சேக்கணும். முதல் தடவை பிரைமரியில் 60 வாட் பழைய குண்டு பல்பை சீரியஸில் வைச்சு ஆன் பண்ணுங்க. பல்பு முழுசா எரிஞ்சா இணைப்பு தப்பு.