கிளட்ச் மாற்றிய பிறகு முதல் கியரில் உதறல்

வண்டி 2013 வேகன் ஆர், பெட்ரோல்; ஊர் சேலம். போன மாதம் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாகப் போட்டோம். அதிலிருந்து முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளம்பும்போது வண்டி உதறுகிறது. ஐந்து ரோடு மேம்பால ஏற்றத்தில் நின்று எடுத்தால் டேஷ்போர்டே கடகடக்கிறது. இரண்டாவது கியர் விழுந்ததும் சரியாகிவிடுகிறது. ஸ்லிப் இல்லை, கருகல் வாடையும் இல்லை.

கிளட்ச் கேபிள் ஃப்ரீ பிளே (பெடலை மிதிக்கும்போது முதலில் இருக்கும் தளர்வு) சரிசெய்தாயிற்று. என்ஜினைத் தாங்கும் மவுண்டும் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. ஃப்ளைவீலை (கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் என்ஜின் பக்கச் சக்கரம்) மட்டும் கடைசல் பிடித்துச் சமப்படுத்தவில்லை. பழைய பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்ததால், அது உரசி ஃப்ளைவீலில் கோடு விழுந்திருக்குமோ என்று எனக்கு அங்கேதான் சந்தேகம். மெக்கானிக்கோ, "செட் ஆக 800 கி.மீ. ஓடட்டும்" என்கிறார். ஏற்காடு பக்கமே போகாமல் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்; 600 தாண்டியும் குறையவில்லை.

இன்னும் ஓட்டிப் பார்க்கலாமா, இல்லை இப்போதே கியர்பாக்ஸை இறக்கி ஃப்ளைவீலைப் பார்த்துவிடுவதா?