டிசம்பர் 26 நினைவு நாளுக்கு என்ன இசை வைக்கலாம்?

கீச்சாங்குப்பத்துக்காரன்:
வணக்கம். 2004 சுனாமியில் எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 காலையும் கடலில் பால் ஊற்றி, பூப்போட்டு அஞ்சலி செலுத்துவோம். போன வருடம் மைக்செட்காரர் சோகமான சினிமாப் பாட்டாகப் பொறுக்கி முழுச் சத்தத்தில் போட்டுவிட்டார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த என் சித்தி பாதியிலேயே எழுந்து போனார். "அந்தச் சத்தத்துல எம்புள்ளைங்க பேரைச் சொல்லி அழக்கூட முடியலடா" என்றார். இந்த முறை பஞ்சாயத்தார் அந்த அரை மணி நேரத்தை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். மூன்று மதத்தாரும் வருவார்கள். நாதஸ்வரத்தில் முகாரி வாசிக்கச் சொல்லலாமா?

தஞ்சாவூர் நாதஸ்வரம்:
தாராளமாக, தம்பி. ஆனால் முகாரிதான் வேண்டும் என்றில்லை. முகாரி என்றாலே அழுகை என்பது ஊர்ப்பேச்சு. சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடியதும் அதே ராகத்தில்தான். ஓதுவார்கள் திருவாசகம் பாடுவது மோகனத்தில். அது சோக ராகமே இல்லை, ஆனாலும் இழவு வீட்டில் கேட்டால் கல்லும் கரையும். ராகத்தைவிட வாசிக்கிற நிதானம்தான் முக்கியம். தவில் வேண்டாம், சுருதி மட்டும் போதும். கீர்த்தனை வேண்டாம், ஆலாபனையே வாசிக்கட்டும். வார்த்தை இல்லாவிட்டால் அது எல்லாருக்கும் பொதுவாகிவிடும். நீலாம்பரியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தாலாட்டு ராகம் அது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தாங்க மாட்டார்கள்.

கடலூர்க்காரி:
அண்ணன் சொல்வதில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒரே இழுப்புதான், பாடுவதும் அதே பெண்கள்தான். அன்றைக்கு எத்தனையோ பேரை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். உட்கார்ந்து ஒப்பாரி வைக்க யாருக்கு நேரம் இருந்தது? தாங்குவார்களா மாட்டார்களா என்று நாமே முடிவுகட்ட வேண்டாம். உங்கள் சித்தியையே கேளுங்கள்.

கீச்சாங்குப்பத்துக்காரன்:
நேற்று ராத்திரி கேட்டேன். மைக்கே வேண்டாம் என்றார். பால் ஊற்றும்போது வாசிப்பை நிறுத்திவிட வேண்டுமாம், பேர் சொல்லி அழ. அப்புறம் நீலாம்பரி பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "கடைசியா அதை வாசிக்கச் சொல்லு" என்றார்.

தஞ்சாவூர் அண்ணா, அலைச் சத்தத்தில் மைக் இல்லாமல் இருநூறு பேருக்குக் கேட்குமா?