மிருதங்க ரெக்கார்டிங்கில் தாளம் தள்ளிப் போகிறது, அவசரம்

வலந்தலை
வணக்கம். பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டு மிருதங்கம் வாசித்துப் பதிகிறேன். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டால் என் வாசிப்பு பாட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. வாசிக்கும்போது தாளம் சரியாகத்தான் நிற்கிறது. மைக் புதுசு. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. சனிக்கிழமை நாட்டிய ஒத்திகைக்கு ட்ராக் கொடுக்க வேண்டும். யாராவது உடனே சொல்லுங்கள்.

கேபிள் மணி
எந்த மென்பொருள், எந்த மைக், விண்டோஸா மேக்கா? ஹெட்ஃபோன் வயரா ப்ளூடூத்தா? ப்ளூடூத் என்றால் வேறெதையும் பார்க்கவே வேண்டாம். 150, 200 மில்லி செகண்ட் அதிலேயே போய்விடும்.

நள்ளிரவு மிக்ஸர்
பஃபர் சைஸ் ப்ரோ, கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு. வேறு என்ன. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 1024 சாம்பிள் வைத்தால் 23 மில்லி செகண்ட், 128 வைத்தால் 3க்குள். குறைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ
"பின்னால் ஓடுகிறது" என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? லேட்டன்சி (தாமதம்) வேறு, டிராப்அவுட் (நடுவில் ஒலி விட்டுப்போவது) வேறு, டிரிஃப்ட் (போகப் போக விலகுவது) வேறு. எப்படிக் கேட்க வேண்டும் என்று விளக்கமாக எழுதி இந்த மன்றத்தின் மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

ஆப்பிள் தோட்டம்
மேக் வாங்கிவிடுங்கள். இந்தத் தலைவலியே கிடையாது.

வலந்தலை
மன்னிக்கவும். விண்டோஸ் லேப்டாப், ஆடாசிட்டி, யுஎஸ்பி கண்டென்சர் மைக். ஹெட்ஃபோன் வயர்தான். பஃபர் 100 மில்லி செகண்ட் என்று இருந்தது. 30 ஆக்கினேன், தள்ளல் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் படபடவென்று சத்தம் வேறு வந்தது, பழையபடி வைத்துவிட்டேன்.

வைஃபை எதிரி
படபட சத்தம் என்றால் டிரைவர்தான். லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓட விட்டுப் பாருங்கள், வைஃபை டிரைவர் சிவப்பில் வந்து நிற்கும். வைஃபையை அணைத்துவிட்டு, பவர் பிளானையும் ஹை பெர்ஃபாமன்ஸில் வையுங்கள்.

நள்ளிரவு மிக்ஸர்
தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ4ஆல் டிரைவரைப் போடுங்கள் ப்ரோ, எல்லாம் சரியாகிவிடும்.

கேபிள் மணி
ஆடாசிட்டி தளத்தில் கிடைக்கும் விண்டோஸ் பதிப்பு ஏசியோ ஆதரவு இல்லாமல்தான் ரொம்ப காலமாக வந்துகொண்டிருக்கிறது, லைசென்ஸ் சிக்கல். போட்டாலும் பட்டியலில் வராது. ஹோஸ்டை, அதாவது விண்டோஸில் ஒலி போகும் வழியை, எம்எம்இயிலிருந்து வாசாபிக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். அதுவும் இதைத் தீர்க்குமா என்பது சந்தேகம்.

நள்ளிரவு மிக்ஸர்
அப்போது ஆடாசிட்டியை விட்டுவிடட்டும். மிருதங்கத்துக்கு 10 மில்லி செகண்டே அதிகம்.

தென்னங்கீற்று
10 மில்லி செகண்டா? கச்சேரியில் கடம் வாசிப்பவர் பாடகரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குரல் அவர் காதுக்கு வரவே 6 மில்லி செகண்ட் ஆகிறது. யார் தாளம் போயிற்று? எண்ணைப் பார்த்து பயப்படுகிற வழக்கம் ப்ளக்இன் விற்கிறவர்கள் கிளப்பிவிட்டது.

நள்ளிரவு மிக்ஸர்
அது அடுத்தவர் குரல் அண்ணா. தன் கை அடியே ஹெட்ஃபோனில் தாமதமாகத் திரும்பி வருவது வேறு விஷயம். தோலிலிருந்து நேராக ஒரு சத்தம், காதுக்குள் இன்னொன்று. சாப்பு அடி இரண்டாகக் கேட்கும்.

தென்னங்கீற்று
இரண்டாகவெல்லாம் கேட்காது. அந்த அளவு தாமதத்தில் ஒலியின் நிறம்தான் மாறும், குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி. தனித்தனி அடியாகப் பிரிந்து கேட்க இன்னும் நிறைய தாமதம் வேண்டும். தவிர, அவர் தன் வாசிப்பை ஹெட்ஃபோனில் கேட்கிறார் என்று எங்கே எழுதியிருக்கிறார்?

பழைய ரேடியோ
இருவரும் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம்.

ஒன்றரை இடம்
வலந்தலை சார், மூன்று கேள்வி. தள்ளல் முதல் அடியிலேயே இருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா? பாட்டு எவ்வளவு நீளம்? ஹெட்ஃபோனை எதில் செருகியிருக்கிறீர்கள், லேப்டாப்பிலா மைக்கிலா?

வலந்தலை
அதைச் சொல்லவில்லையா? வர்ணம், ஒரே கோப்பு, 40 நிமிடம். பல்லவி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. சரணத்துக்கு வந்தால் நன்றாகவே விழுந்துவிடுகிறது, தீர்மானமெல்லாம் (முடிப்புச் சொற்கட்டு) சமத்தை (தாளத்தின் முதல் அடியை) தாண்டிப் போய் நிற்கிறது. ஹெட்ஃபோன் லேப்டாப்பில்தான்.

ஒன்றரை இடம்
அப்படியானால் பஃபரும் இல்லை, வைஃபையும் இல்லை. பஃபரால் வரும் தாமதம் முதல் அடியிலும் கடைசி அடியிலும் ஒரே அளவுதான் இருக்கும். டிராப்அவுட்டில் சாம்பிள் தொலைந்தால் அதற்குப் பிறகு வருவது முன்னால் நகரும், பின்னால் போகாது.

உங்களுக்கு இரண்டு கடிகாரம் ஓடுகிறது. பாட்டு லேப்டாப்பின் சவுண்ட் சிப் வழியாக வெளியே போகிறது, அது அதன் படிகத்தின் வேகத்தில். மிருதங்கம் மைக்குக்குள் இருக்கும் சிப் வழியாக உள்ளே வருகிறது, அது வேறு படிகம். இரண்டும் 44,100 என்றுதான் சொல்லும், ஆனால் அச்சாக ஒன்றாக இருக்காது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும்: 40 நிமிடம் என்பது 2400 வினாடி, கடைசியில் 0.24 வினாடி தள்ளியிருக்கும். ஒரு அட்சரம் முக்கால் வினாடி என்றால் தகதிமியில் ஒரு எழுத்துக்கு 187 மில்லி செகண்ட். அதாவது ஒரு எழுத்துக்கு மேலேயே விழுந்துவிட்டீர்கள். நாலு நிமிடக் கீர்த்தனைக்கு இதே அமைப்பில் பதிந்திருந்தால் 24 மில்லி செகண்ட்தான் வரும், கண்டுகொண்டிருக்கவே மாட்டீர்கள்.

சோதித்துப் பாருங்கள். ஆடாசிட்டியில் ரிதம் ட்ராக் ஒன்றை 40 நிமிடத்துக்கு உருவாக்கி, ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக் மேல் கவிழ்த்துப் பதியுங்கள். முதல் டிக்கிலும் கடைசி டிக்கிலும் பெரிதாக்கி, இரண்டு ட்ராக்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து சொல்லுங்கள்.

பிறகு மைக்கின் அடியிலோ பக்கவாட்டிலோ ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலான யுஎஸ்பி கண்டென்சரில் இருக்கும். அதில் செருகி, ஆடாசிட்டியில் பிளேபேக் டிவைஸையும் அந்த மைக்குக்கே மாற்றி மறுபடி அளக்கவும். செருகினால் மட்டும் போதாது, இதையும் மாற்ற வேண்டும். அப்போது போவதும் வருவதும் ஒரே கடிகாரத்தில்.

பழைய ரேடியோ
டிரிஃப்ட் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

கேபிள் மணி
மூன்று பெயர் எழுதினீர்கள் சார், அதில் ஒன்று.

ஆப்பிள் தோட்டம்
மேக்கில் இது வராது.

லினக்ஸ் வாசி
வரும். மேக்கில் இரண்டு சாதனத்தை ஒன்று போல அக்ரிகேட் டிவைஸாகச் சேர்க்கும்போது டிரிஃப்ட் கரெக்‌ஷன் என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறதே, அது எதற்காம்? லினக்ஸில் ஜாக் என்ற ஒலி சர்வரை ஓட்டுகிறவர்கள் இதற்கென்றே ஸீட்டா-ஏஜேபிரிட்ஜ் வைத்திருக்கிறோம், இரண்டாவது சாதனத்தை ஓட ஓட ரீசாம்பிள் செய்து வேகத்தைப் பொருத்திக்கொண்டே இருக்கும். ஒரே இன்டர்ஃபேஸில் எல்லாவற்றையும் செருகுவது அதைவிட நிம்மதி.

வலந்தலை
அளந்தேன். முதல் டிக் 20 மில்லி செகண்ட் தள்ளி, கடைசி டிக் 270. மைக்கில் ஓட்டை இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. அதில் செருகி மாற்றினேன், கடைசி வரை 20. வர்ணம் முழுக்கத் திரும்ப வாசிக்க நேரம் இல்லை. பழைய ரெக்கார்டிங்கைக் காப்பாற்ற வழி உண்டா?

ஒன்றரை இடம்
உண்டு. ஆடாசிட்டி 3.4 பதிப்பிலிருந்து ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிப்பின் ஓரத்தை இழுத்தால் நீளம் மாறும், சுருதி மாறாது. 40 நிமிடத்துக்கு 250 மில்லி செகண்ட் சுருக்க வேண்டும். முதலில் கிளிப்பை 20 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்திவிட்டு, ஓரத்தில் நன்றாகப் பெரிதாக்கி, கடைசித் தீர்மானத்தின் சமத்தைப் பாட்டோடு பொருத்துங்கள். டிரிஃப்ட் சீராகப் போகிற சங்கதி என்பதால் நடுவில் உள்ளவை தானாக உட்காரும். அனுபல்லவி, சரணம் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.

மீதி 20 நிலையான தாமதம்தான். இனிப் பதிவதற்கு, ஆடியோ செட்டிங்ஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் வழக்கமாக -130 மில்லி செகண்ட் இருக்கும், அதை -150 ஆக்குங்கள். ஹெட்ஃபோனை மறுபடி லேப்டாப்புக்கு மாற்றினால் இந்த எண் பொருந்தாது, புதிதாக அளக்க வேண்டும்.

வலந்தலை
உட்கார்ந்துவிட்டது. மிக்க நன்றி.

வைஃபை எதிரி
படபட சத்தம் என்ன ஆயிற்று? லேட்டன்சிமான் பார்த்தீர்களா?

கேபிள் மணி
30ல் வைத்ததால் வந்தது, 100க்குத் திரும்பியதும் போயிருக்கும். விடுங்கள், அவர் ஒத்திகைக்குக் கிளம்பியிருப்பார்.