ஒரே கொடிதான், படத்துல பாத்தா புல்லரிக்குது, சீரிஸ்ல பாத்தா பயமா இருக்கு, ஏன்?

கேடயக்காரன்:
ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற கேள்வி இது. போன வாரம் 'டாப் கன்: மேவரிக்' நாலாவது தடவையா போட்டுப் பாத்தேன், கதை முழுக்கத் தெரியும், ஆனாலும் அந்தப் பழைய எஃப்-14 போர் விமானம் கப்பல் மேல வலையில வந்து சிக்கி நிக்கறப்ப கண்ணு கலங்கிடுச்சு. மறுநாளே 'தி பாய்ஸ்' முதல் சீசன் ஆரம்பிச்சேன். அதுல வர்ற சூப்பர்ஹீரோ ஹோம்லேண்டர் அமெரிக்கக் கொடியையே முதுகுல கேப்பா போட்டுட்டு திரியறான், நாலாவது எபிசோடு விமான சீன்ல கடத்தல்காரனைக் கண்ணால சுடறேன்னு கண்ட்ரோலையே எரிச்சுட்டு, கொஞ்சம் பேரையாவது காப்பாத்தலாம்னு கூட வந்த இன்னொரு சூப்பர்ஹீரோ மேவ் கெஞ்சக் கெஞ்ச, மொத்த பேரையும் சாக விட்டுட்டுப் போயிடறான். அப்புறம் கடற்கரையில நின்னு கேமரா முன்னாடி சூப்பர்ஹீரோங்க ராணுவத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுங்கற மாதிரி உருக்கமா பேசறான் பாருங்க, எனக்கு வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. ஒரே கொடி. ஒண்ணுக்குக் கைதட்டறேன், இன்னொண்ணுக்கு நடுங்கறேன். ரெண்டுமே மனசாரப் புடிச்சிருக்கு. இது எப்படின்னு யாராவது சொல்லுங்க.

நைட்ஷோ:
எனக்குத் தெரிஞ்சு இதுல பாதி, எவ்வளவு நேரம் ஓடுதுங்கறதுல இருக்கு ப்ரோ. படம் மிஷன் முடிஞ்ச உடனே முடிஞ்சுடும். மேவரிக்ல எதிரி நாட்டுக்குப் பேரே கிடையாது, எதிரி பைலட்டுக்கு முகம் கிடையாது, கறுப்பு ஹெல்மெட் மட்டும்தான், அதனால நமக்கு யோசிக்க வேற ஒண்ணும் இல்ல. ஆனா நடிகர்களோட முகம் இருக்கு. அவங்களை நிஜமாவே எஃப்/ஏ-18 பின் சீட்டுல உக்கார வச்சு கடற்படை பைலட்டுங்க ஓட்டியிருக்காங்க, கன்னத்துச் சதை கீழ இழுபடறதும் மூச்சு முட்டறதும் நடிப்பு இல்ல. மூளை கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே நம்ம உடம்பு அவங்க பக்கம் போயிடுது.

சீரிஸ்ல அது முடியாது, அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு காட்டியே ஆகணும். 'ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' 2021-ல வந்தது, மொத்தமே 6 எபிசோடு. நாலாவதுல, அரசாங்கம் புதுசா கேப்டன் அமெரிக்கா ஆக்கின ஜான் வாக்கர் தன் நண்பன் செத்த வெறியில கீழ விழுந்து கிடக்கறவனை கேப்டன் அமெரிக்கா கேடயத்தாலயே அடிச்சுக் கொல்றான், சுத்தி நிக்கற ஜனங்க போன்ல எடுத்துட்டு இருக்காங்க, கேமரா கீழருந்து மேல பாக்குது, கேடயத்தோட கீழ் விளிம்புல ரத்தம். படமா இருந்தா வில்லன் அடையாளம் தெரிஞ்சுடுச்சு, அடுத்து சண்டைன்னு போயிருக்கும். இங்க அடுத்த எபிசோடுல அவனை விசாரணைக்கு நிறுத்திப் பதவியைப் புடுங்கறாங்க, ராணுவத்தோட உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானரை மூணு தடவை வாங்கினவன், நீங்கதானே என்னை இப்படி ஆக்கினீங்கன்னு கத்தறான். அவன் சொல்றதுல தப்பும் இல்ல. அதான் நமக்கு சங்கடமா இருக்கு.

பழைய காமிக்ஸ் பெட்டி:
நைட்ஷோ சொல்றதை முழுசா ஒத்துக்க மாட்டேன். நீளத்தை விட விலையை யார் கொடுக்கறாங்கங்கறதுதான் முக்கியம். கேப்டன் அமெரிக்கா முதல் இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பர், அட்டையிலயே ஹிட்லர் தாடையில குத்து. அமெரிக்கா போருக்குள்ள வந்தது அதுக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதக் குடும்பத்துப் பசங்க, அரசாங்கம் சொல்லி அவங்க வரையல, அரசாங்கம் தயங்கி நின்னப்பவே வரைஞ்சுட்டாங்க. அந்தக் கொடி டிரெஸ்ஸுக்கு மரியாதை அங்கருந்து வருது.

கேப்டன் அமெரிக்காவோட முதல் கதையான 'ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' படத்துல அந்தக் கையெறி குண்டு சீன் ஞாபகம் இருக்கா? ஒல்லிப் பையன் ஸ்டீவ், பலம் கொடுக்கற மருந்து இன்னும் ஏத்தல, கேடயம் இல்ல, குண்டு டம்மின்னும் தெரியாது. மத்தவங்க எல்லாம் சிதறி ஓட இவன் மட்டும் அது மேல படுத்துக் கட்டிப்புடிச்சுட்டு எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்றான். அதுக்கப்புறம் அவன் கொடி போட்டுட்டு மேடையில போர்ச் செலவுக்கான கடன் பத்திரம் வித்தாலும், இத்தாலியில சோல்ஜருங்க தக்காளி வீசினாலும், நாம அவன் பக்கம்தான். ஹோம்லேண்டர் வாழ்க்கையில ஒரு தடவை கூட எதுக்கும் விலை கொடுக்கல. ரெண்டு பேர் முதுகுலயும் ஒரே துணிதான், உள்ள இருக்கற ஆள் வேற.

லிஃப்ட்சண்டை:
பெட்டி அண்ணன் சொன்னதுதான் சரி, படத்தால கேள்வி கேக்க முடியாதுன்னு யாரும் முடிவு கட்டிடாதீங்க. 2014-ல வந்த கேப்டன் அமெரிக்கா படம் 'வின்டர் சோல்ஜர்' எடுத்துக்கோங்க. லிஃப்ட் ஒவ்வொரு மாடியா நிக்குது, ஆளுங்க ஏறிக்கிட்டே இருக்காங்க, ஒருத்தன் நெத்தியில வேர்வை, ஒருத்தன் கை ஆயுதத்துப் பக்கம் போகுது, அவ்வளவுதான், தான் வேலை பாக்கற இடமே தனக்கு எதிரின்னு ஸ்டீவுக்குப் புரிஞ்சுடுது. எனக்கு அதை விடப் பெரிய சீன் கடைசியில வர்ற அந்த டெக்னீஷியன். பேர் கூட சொல்ல மாட்டாங்க, தலையில துப்பாக்கி, உடம்பு நடுங்குது, கண்ணுல தண்ணி, ஆனாலும் அந்தப் பறக்கும் போர்க் கப்பல்களைக் கிளப்ப மாட்டேன்னு நிக்கறான். தேசபக்தின்னா எனக்கு அந்த ஆள்தான். ஃபால்கன் சீரிஸ்ல கடைசி எபிசோடுல ஃபால்கனா வர்ற சாம் தெருவுல நின்னு அவ்வளவு நேரம் பேசறான், விஷயம் நல்ல விஷயம், ஆனா காட்டியிருக்க வேண்டியதைப் பேசியே தீத்துட்டாங்க.

சாமந்தி:
அந்தப் பேச்சு நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஐசையா பிராட்லியை விட்டுட்டு அந்த சீரிஸைப் பத்திப் பேசாதீங்க. கொரியப் போர்ல இறங்கின கறுப்பின சோல்ஜர், அவருக்கும் ஸ்டீவ் மாதிரியே பலம் கொடுக்கற மருந்து (சீரம்) ஏத்தினாங்க, தன் கூட இருந்தவங்களை மீட்டுட்டு வந்ததுக்குப் பரிசா 30 வருஷம் ஜெயில்ல போட்டு ஆராய்ச்சி பண்ணாங்க. தன்மானம் உள்ள எந்தக் கறுப்பனும் அந்தக் கேடயத்தைத் தூக்க மாட்டான்ங்கற அர்த்தத்துல சாம் முகத்துக்கு நேரா சொல்றார். கடைசியில மியூசியத்துல தன்னோட சிலையைப் பாக்கறப்ப கார்ல் லம்ப்ளி முகத்தைப் பாருங்க, ஒண்ணும் பேசல, பக்கத்துல பேரன் நிக்கறான், சாமைக் கட்டிப்புடிச்சுக்கறார், அவ்வளவுதான். நான் அந்த இடத்துல நிறுத்திட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஆறு எபிசோடு சேத்து வச்ச கனம் அது, ரெண்டு மணி நேரப் படத்துல இந்தக் கிழவருக்கு அஞ்சு நிமிஷம் கிடைச்சிருந்தாலே அதிகம்.

கேடயக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அந்தக் குண்டு சீனை மட்டும் திரும்பப் போட்டுப் பாத்தேன், ஓரமா நிக்கற கர்னல் ஃபிலிப்ஸ் முகம் மாறுறதை இவ்வளவு நாளா நான் கவனிச்சதே இல்ல. இன்னொண்ணு, 'வுல்ஃப் வாரியர் 2'-ல ஹீரோ சீனக் கொடியைக் கையில மாட்டிட்டு வண்டி மேல நின்னு போர் நடக்கற தெரு நடுவுல போறப்பவும் எனக்குப் புல்லரிச்சுது, அது என் நாட்டுக் கொடியே இல்ல. அப்ப பெட்டி அண்ணன் சொன்ன விலைக் கணக்கு மட்டும் போதாது, மியூசிக், கேமரா எல்லாம் சேந்து நம்மளை எங்கயோ கூட்டிட்டுப் போயிடுது, அதையும் யோசிக்கணும். அடுத்து 'பீஸ்மேக்கர்' சீரிஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

நைட்ஷோ:
நேரா சீரிஸுக்குப் போயிடாதீங்க, முதல்ல 2021-ல வந்த 'தி சூசைட் ஸ்குவாட்' பாருங்க. தன் கூட வந்த ரிக் ஃப்ளாக்கை பீஸ்மேக்கர் கொல்ற சீனைப் பாக்காம போனீங்கன்னா, சீரிஸ் முழுக்க அவன் உள்ளுக்குள்ள எதுக்கு அப்படித் தவிக்கறான்னு புரியாது.