உயர விரும்புவது பாவமா? மனத்தாழ்மை என்றால் ஒதுங்கி நிற்பதா?

மண்பாண்டம் (கேள்வி):
அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிலிப்பியர் 2:3 ஒன்றையும் வாதினாலோ வீண்பெருமையினாலோ செய்யக்கூடாது என்கிறது. 1 தீமோத்தேயு 3:1, கண்காணிப்பை (சபையை நடத்தும் பொறுப்பை) விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்கிறது. மேல்பதவிக்கு விண்ணப்பிப்பதும் சபைப் பொறுப்புக்கு முன்வருவதும் எந்த இடத்தில் சுயநலமாகிறது? "ஜெபித்துப் பாருங்கள்" என்பதோடு நிற்காமல், சோதித்தறிய வழி சொல்லுங்கள்.

பெரோயா:
இரண்டு வசனங்களும் மோதவில்லை. "வாது" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பது கிரேக்கத்தில் எரிதேயா. பதவிக்காக ஆதரவு திரட்டும் சூழ்ச்சிக்கு அரிஸ்டாட்டில் பயன்படுத்திய சொல் அது. புதிய ஏற்பாட்டில் 7 முறை வருகிறது. ஒருமுறைகூட நல்ல பொருளில் இல்லை. யாக்கோபு 3:16-இல் அதே சொல் "விரோதம்" என்று வருவதால், தமிழில் வாசிக்கிறவருக்குத் தொடர்பு தெரிவதில்லை.

பவுல் தன் நாட்டத்துக்கு எடுக்கும் சொல் வேறு: ஃபிலோடிமேயோமாய். அதன் வேர்ப்பொருளே மதிப்பை விரும்புவது. அதை 3 இடங்களில் வைக்கிறார். கிறிஸ்துவின் பெயர் சொல்லப்படாத இடங்களில் சுவிசேஷம் சொல்ல (ரோமர் 15:20), அவருக்குப் பிரியமாயிருக்க (2 கொரிந்தியர் 5:9), அமைதலாய் வாழ்ந்து கைகளால் வேலை செய்ய (1 தெசலோனிக்கேயர் 4:11). ஊரார் மெச்சத் தேடுகிறதற்கான சொல்லை, யாரும் கவனிக்காத வாழ்க்கைக்குச் சூட்டிவிட்டார்!

மாற்கு 10:43-லும் இயேசு "பெரியவனாக விரும்பாதே" என்று சொல்லவில்லை, பணிவிடைக்காரனாகச் சொன்னார். யாக்கோபும் யோவானும் இயேசுவின் இருபுறமும் உட்கார இடம் கேட்டதற்கு எரிச்சலடைந்த மற்றப் பத்துப் பேருக்கும் சேர்த்தே அதைச் சொன்னார்.

அத்திமரநிழல்:
சோதிக்கும் வழிக்கு வருகிறேன். அந்தப் பொறுப்பில் தினமும் செய்யவேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள். பட்டம், மேடை, மரியாதை எதையும் எழுதவேண்டாம். மிஞ்சுகிற வேலை உங்களை இழுக்கிறதா? 1 தீமோத்தேயு 3:1 "நல்ல வேலை" என்றுதான் சொல்கிறது.

அடுத்து, அதே இடத்துக்கு வரக்கூடிய இன்னொருவருக்காக ஒரு வாரம் பெயர் சொல்லி ஜெபியுங்கள், அவர் நன்றாய்ச் செழிக்கும்படி. வாய் எழவில்லையானால் வாது அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

உங்களால் ஆதாயம் எதுவும் இல்லாத இரண்டு பேரிடம் கருத்துக் கேளுங்கள். "எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்றால் பாராட்டுதான் வரும். "எந்த இடத்தில் நான் சறுக்குவேன்?" என்று கேளுங்கள். வேறொருவருக்குக் கிடைத்தால் அவருக்கு என்ன உதவி செய்வீர்கள் என்பதையும் முடிவு தெரியும் முன்பே எழுதி வையுங்கள்.

பலர் தடுமாறுவது, நோக்கம் முழுக்கச் சுத்தமாகட்டும் என்று காத்திருப்பதில். அது வேலையில் இறங்காமல் இருக்கச் சாக்காகிவிடும். பிலிப்பியர் 1:15-18-இல் பொறாமையால் பிரசங்கித்தவர்களின் நோக்கத்தைப் பவுல் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் கிறிஸ்து அறிவிக்கப்பட்டதில் சந்தோஷப்பட்டார். கலப்பு தெரிந்தால் அறிக்கை செய்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

மண்பாண்டம்:
நன்றி. ஆனால் லூக்கா 14:10 தாழ்ந்த இடத்தில் உட்காரச் சொல்கிறதே. கேட்டு வரும் பொறுப்பை மறுப்பதுதானே பாதுகாப்பு?

கலப்பை:
அந்த உவமை விருந்தில் இருக்கையைப் பற்றியது. வேலையை மறுக்கச் சொல்லவில்லை. விருந்துக்காரன் எப்போது மேலே கூப்பிடுவான் என்று கண் வைத்துக்கொண்டே கடைசியில் உட்காருவதும் முதலிடம் தேடுவதுதான்.

இயேசு சொன்ன உவமையில், எஜமான் ஒப்படைத்த தாலந்தை (பணத்தை) புதைத்தவன் "பயந்து" என்றான் (மத்தேயு 25:25). எஜமான் அதைத் தாழ்மையாக ஏற்கவில்லை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த ஊழியனைக் காட்டித்தான் சிறுமனப்பான்மையை, அதாவது தன்னால் முடிந்ததற்கும் பின்வாங்குவதை, பாவம் என்றார். கொலோசெயர் 2:23-இல் "மாயமான தாழ்மை" என்றே ஒரு பெயர் உண்டு. ரோமர் 12:3 கேட்பது தெளிந்த எண்ணம்: உங்கள் அளவை மிஞ்சியும் எண்ணாமல், உள்ள வரத்தை இல்லை என்றும் சொல்லாமல் இருப்பது.

யாராவது பாராட்டினால் "நன்றி" சொல்லி, உடன் உழைத்தவர் பெயரைச் சொல்லி, நிறுத்திவிடுங்கள். "நான் ஒன்றுமில்லை" என்று மூன்று முறை மறுத்தால் மூன்று முறை கூடுதலாகப் புகழ்வார்கள்.

பொறுப்பு கைக்கு வந்தபின் 3 யோவான் 9, 10-ஐ அடிக்கடி வாசியுங்கள். முதன்மையாயிருக்க விரும்பின தியோத்திரேப்பு சகோதரரை ஏற்காமல், ஏற்க மனதானவர்களையும் தடுத்து, சபைக்குப் புறம்பாக்கினான். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்: உங்களைவிட நன்றாகச் செய்கிற ஒருவரிடம் எந்த வேலையை முழுதாக ஒப்படைத்தீர்கள்? ஒன்றும் இல்லையென்றால் அந்த வாரமே ஒன்றைக் கொடுங்கள்.