கையடக்கக் கணினி: விளக்கு இல்லை, சத்தம் இல்லை, உயிர் இருக்கிறதா?

கிறுக்கல்காரன்:
2004-ல் வாங்கிய கையடக்கக் கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் மொபைல் 2003 இயங்குதளம், கழற்றக்கூடிய பேட்டரி. ஏழெட்டு வருடமாக மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்ததை நேற்று எடுத்தேன். ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போட்டும் விளக்குகூட எரியவில்லை. ரீசெட் துளையில் ஸ்டைலஸ் முனையால் பத்து தடவை குத்திவிட்டேன். உள்ளே ஒரு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள், ஸ்டைலஸால் கையெழுத்தில் எழுதியவை, இருக்கின்றன. எப்படியாவது உயிர்ப்பிக்க வேண்டும்.

அவசரக்குடுக்கை:
பேட்டரியை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள், எழுந்துவிடும்.

ஈயப்பற்று:
தயவுசெய்து வைக்காதீர்கள். உறைந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அது பேட்டரிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

கிறுக்கல்காரரே, செத்தது எது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். இருட்டறையில் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்து, பவர் பொத்தானை அழுத்துங்கள். பின்விளக்கு மட்டும் போயிருந்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். அந்தக் காலத்துத் திரைகள் பலவும் வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகை.

ஒன்றும் தெரியாவிட்டால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜர் முனையில் எத்தனை வோல்ட்? பேட்டரியின் + − தகடுகளுக்கு நடுவே எவ்வளவு? (மூன்றாவது தகடு இருந்தால் அது பெரும்பாலும் வெப்பநிலை பார்ப்பதற்கு, அதை விடுங்கள்.) பேட்டரி உப்பியிருக்கிறதா? அப்புறம், அது பழைய சார்ஜர்தானா, இல்லை முனை பொருந்துகிறதே என்று வேறு எதையாவது செருகினீர்களா?

கிறுக்கல்காரன்:
அதே சார்ஜர்தான், 5 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, 5.1 காட்டுகிறது. டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. பேட்டரி உப்பவில்லை, ஆனால் 0.0 வோல்ட். அவ்வளவுதானா?

ஈயப்பற்று:
சுத்தமான பூஜ்யம் என்றால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது! வெளித்தகடுக்கும், உள்ளே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் செல்லுக்கும் நடுவே சின்னப் பாதுகாப்புப் பலகை ஒன்று உண்டு. செல் சுமார் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் அது வழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பிணம், உள்ளே உயிர் ஊசலாடும்.

பேட்டரியின் மேல்நாடாவை மெதுவாகப் பிரித்து, பலகையோடு செல் சேரும் இடத்தில் அளந்து பாருங்கள். உலோகக் கருவியால் நெம்ப வேண்டாம், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. கை பழக்கமில்லை என்றால் அதே மாடல் எண்ணுள்ள புது பேட்டரியே நல்லது. 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மீட்க முயலாதீர்கள். அந்த நிலையில் கிடந்த செல்லில் தாமிரம் கரைந்திருக்கலாம், சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வருத்தமான செய்தி. விண்டோஸ் மொபைல் 2003-ல் நீங்கள் எழுதுவதெல்லாம் வழக்கமாக ராம் (RAM) என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும். மின்சாரம் போனால் எழுதியதும் போச்சு. 2005-ல் வந்த 5.0 பதிப்பில்தான், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றினார்கள். துணை பேட்டரி இருந்தாலும், பெரிய பேட்டரியை மாற்றும் நேரத்துக்குத்தான் தாங்கும்.

கிறுக்கல்காரன்:
2.7 வோல்ட்! ஆனால் நாவல் போய்விட்டது என்கிறீர்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஈயப்பற்று:
எழுந்திருங்கள். பேட்டரியின் தகடுகளையும் கருவிக்குள் அவை உட்காரும் ஊசிகளையும் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். பேட்டரி மூடியை முழுதாகத் தள்ளிப் பூட்டுங்கள். சில கருவிகளில் மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும், அது அழுந்தாவிட்டால் எதுவும் வேலை செய்யாது. கருவியை நிறுத்திச் சார்ஜ் செய்யும் தாங்கியை விட்டுவிட்டு சார்ஜரைக் கருவியிலேயே நேராகச் செருகி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். ரொம்ப இறங்கிய செல்லுக்கு முதலில் துளித்துளியாகத்தான் மின்சாரம் போகும். சூடானாலோ உப்பினாலோ உடனே பிடுங்கிவிடுங்கள்.

இதே கருவியை ஏதாவது கணினியோடு ஒத்திசைத்தது உண்டா?

கிறுக்கல்காரன்:
மூடிதான்! ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அழுத்திப் பூட்டி, ரப்பரால் துடைத்துப் போட்டதும் முக்கால் மணி நேரத்தில் ஆரஞ்சு விளக்கு. மாலையில் திரை வந்தது. குறுக்குக் கோடுகளை ஸ்டைலஸால் தொடச் சொல்லி, புதிதாக வாங்கிய அன்றைக்குப் போலவே வரவேற்றது. எதிர்பார்த்தபடி உள்ளே காலி.

ஒத்திசைக்கும் மென்பொருளான ஆக்டிவ்சிங்க் போட்டிருந்த பழைய கணினி ஒன்று பரணில் இருக்கிறது. அதிலா?

ஈயப்பற்று:
அதிலேதான். கோப்புகளையும் ஒத்திசைக்கச் சொல்லியிருந்தால், மை டாக்குமெண்ட்ஸுக்குள் உங்கள் கருவியின் பெயரோடு ஒரு கோப்புறை இருக்கும். கையெழுத்துக் குறிப்புகளின் கோப்புப் பெயர் பி.டபிள்யூ.ஐ. (.pwi) என்று முடியும். இன்றைய கணினியில் அதைத் திறக்க மல்லுக்கட்டாதீர்கள். மெமரி கார்டில் நகலெடுத்து அந்தக் கருவியிலேயே திறந்து பாருங்கள்.

கிறுக்கல்காரன்:
இரண்டு அத்தியாயங்கள் கிடைத்தன. கருவியிலேயே திறந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதை ஒத்திசைக்காமலே இழுப்பறையில் போட்டிருக்கிறேன் போல. பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து வைக்கிறேன், இந்த பேட்டரியை நம்புவதாக இல்லை, புதிதுக்குச் சொல்லியாயிற்று. ரொம்ப நன்றி அண்ணா.

அவசரக்குடுக்கை:
அப்போ ஃப்ரீசர் வேண்டாம்?