ஓவியம் படிக்க உதவித்தொகை கிடைக்குமா?

ஏற்காட்டு அக்கா:
தங்கை இங்கே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. காபித் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் முகங்களைக் கரித்துண்டில் அப்படியே கொண்டுவந்துவிடுவாள், ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். அப்பாவுக்குச் செலவை நினைத்துப் பயம். வழி சொல்லுங்களேன்.

சூரமங்கலத்தான்:
தாராளமா படிக்க வைங்க அக்கா. அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. சென்னையில் இருப்பது 1850-இல் தொடங்கியது. பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலை இளங்கலைப் பட்டம் 4 வருடம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கும், அதனால் இப்போதிருந்தே சந்தை, பஸ் ஸ்டாண்டு என்று உட்கார்ந்து நடமாடும் ஆட்களை வேகமாக வரையட்டும். போட்டோவைப் பார்த்து வரைந்தால் கை வளராது.

கரித்துண்டு:
மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகையும் உண்டு, 18 முதல் 25 வயதுக்குள், மாதம் 5,000 வீதம் 2 வருடம். ஆனால் 5 வருடப் பயிற்சி கேட்பார்கள். அது அப்புறம். வரைந்த எதையும் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வையுங்கள்.

ஏற்காட்டு அக்கா:
ரொம்ப நன்றிங்க. இன்றைக்கே அப்பாவிடம் பேசுகிறேன்.